ரீல்ஸ் போட்டாச்சு, ஆர்டரை யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் செய்கிறவர்கள் இணையத்தில் விற்கப் பழக வேண்டும் என்று வணிகப் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த ஆலோசனைகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகின்றன: பக்கம் தொடங்குங்கள், ரீல்ஸ் போடுங்கள், ஐந்நூறு ரூபாய்க்கு பூஸ்ட் பண்ணுங்கள், அதாவது காசு கட்டி அதைப் பலர் கண்ணில் படவையுங்கள். குமரி மாவட்டத்தில் சிப்ஸ், தேன், கருப்பட்டி, கிராம்பு, நல்லமிளகு விற்கும் கடைகளுக்கு ஆர்டர் வராதது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. வந்த ஆர்டர் நாலு பேர் கையில் மாறி நடுவழியில் தொலைவதுதான் சிக்கல். மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்தில் இப்படிப்பட்ட கடைகளுக்குக் கணக்கும் பார்சலும் விளம்பரமும் பார்த்துக் கொடுக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். வெட்டுவதாக இருந்தால் விளம்பரத்தைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள், ஆர்டர் நோட்டைப் பற்றியதை விட்டுவையுங்கள்.

ஒரு சின்ன சிப்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். வறுக்க ஒருவர், போனில் பதில் சொல்ல வீட்டிலிருந்து ஒருவர், பாக்கெட் போட ஒருவர், கூரியர் ஆபீசுக்குக் கொண்டுபோக ஒரு தம்பி. நாலு பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பார்கள். ‘அக்கா, போன தடவ மாதிரியே ரெண்டு கிலோ, ஒண்ணுல காரம் வேண்டாம்’ என்று சென்னையிலிருந்து வந்த வாய்ஸ் நோட்டை ஒருவர் குரூப்பில் தள்ளிவிடுவார். எல்லாரும் கேட்பார்கள். ஒருவர் கட்டைவிரல் படம் போடுவார். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்? கேட்டாச்சு என்றா, பார்சல் கட்டியாச்சு என்றா, அனுப்பியாச்சு என்றா? போட்டவர் ‘கேட்டேன்’ என்று போட்டிருப்பார். பார்த்தவர் ‘அனுப்பியாச்சு’ என்று எடுத்துக்கொள்வார். நாலாம் நாள் சென்னையிலிருந்து போன் வரும்போது போன தடவை என்ன மாதிரி அனுப்பினோம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கு மருந்து நாற்பது ரூபாய் நீள நோட்டு ஒன்று. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு எண். 12-ஆம் தேதி வந்த மூன்றாவது ஆர்டர் என்றால் 12-03. எண்ணுக்குப் பக்கத்தில் பெயர், பின்கோடு, பொருள், கிராம், தொகை, பணம் வந்ததா, கட்டியது யார், கூரியர் எண், போய்ச் சேர்ந்த தேதி என்று கட்டங்கள். அந்த எண்ணையே அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கரால் எழுதிவிட வேண்டும். இதில் முக்கியம் ஒன்று உண்டு: ஒரு கட்டத்தை ஒருவர்தான் நிரப்ப வேண்டும். ‘பணம் வந்தது’ என்ற கட்டத்தில் பேங்க் கணக்கைத் திறந்து பார்ப்பவர் மட்டுமே எழுதலாம். ‘கட்டியாச்சு’ என்பதைக் கட்டியவர்தான் எழுதலாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்ட கட்டத்தை யாரும் எழுத மாட்டார்கள். குரூப்பில் கட்டைவிரலுக்குத் தடை போட்டுவிட்டு, ‘12-03 கட்டியாச்சு’ என்று எண்ணோடு தட்டச் சொல்லுங்கள். பிறகு அந்த எண்ணைத் தேடினால் அந்த ஆர்டரின் கதை முழுக்க ஒரே நொடியில் வந்து நிற்கும். வாய்ஸ் நோட்டில் அப்படித் தேட முடியாது.

வாய்ஸ் நோட்டில் வந்த ஆர்டரை எழுத்தாக்கி, வாடிக்கையாளருக்கே திருப்பி அனுப்பிச் சரிதானா என்று கேட்பதும் நோட்டு எழுதுபவரின் வேலை. பொருள், கிராம், தொகை, முழு முகவரி, பின்கோடு, இன்னொரு போன் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பின்கோட்டை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். குமரிக்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் குடியிருந்தாலும் கை தானாகப் பழைய வீட்டு எண்ணைத்தான் தட்டும். முகவரியில் வேளச்சேரி என்று இருக்கும், பின்கோடு 629-ல் தொடங்கும். பார்சலைப் பிரிக்கிற இடத்தில் முதலில் பார்ப்பது பின்கோட்டை. சென்னைக்குப் போக வேண்டிய சிப்ஸ் நம் மாவட்டத்தையே சுற்றிவிட்டுக் கடை வாசலில் வந்து இறங்கும்.

ஒரு நாளைக்கு இருபது ஆர்டர் வரை நோட்டே போதும் என்பது எங்கள் எண்ணம். அதற்கு மேல் போனால் கூகுள் ஷீட்டில் அதே கட்டங்களைப் போட்டுக்கொள்ளலாம். கட்டங்கள் மாறக் கூடாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் ஒட்டும் வசதி இருக்கிறது. புதுசு, பணம் வந்தது, கட்டியது, அனுப்பியது என்று நாலு லேபிள் வைத்தாலே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். முதன்மை போனோடு இன்னும் 4 கருவிகளை இணைக்கலாம் என்பதால் ஒரே நம்பருக்கு இருவர் இருந்து பதில் சொல்ல முடியும். ஆனால் முதன்மை போனை 14 நாள் திறக்காமல் விட்டால் இணைத்தவை எல்லாம் கழன்றுவிடும். கடை போனை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க.

பணம் பற்றி ஒன்று. யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டக் கூடாது. பணம் போனது போலவே காட்டும் போலிப் படம் செய்வது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் முடியும். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வரும் 12 இலக்க யு.டி.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் கடைசி 4 இலக்கத்தை நோட்டில் எழுதி, பேங்க் கணக்கில் அதே தொகை அதே எண்ணோடு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அடுத்தது சாவி யாரிடம் என்கிற விஷயம். நம் மாவட்டத்தில் இதற்குத் தனி முகம் உண்டு. கடையின் ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பதிவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் தன் சொந்த மெயிலில் தொடங்கிக் கொடுப்பான். அவனுக்கு விசா வந்ததும் துபாய்க்கோ தோஹாவுக்கோ விமானம் ஏறிவிடுவான். இங்கே பக்கத்தைத் திறக்க ஆளிருக்காது. பழைய நம்பருக்குத்தான் ஓ.டி.பி. போகும், அந்த சிம்மும் செத்திருக்கும். ஆகவே கடைப் பெயரில் ஒரு மெயில், கடை நம்பரில் ஒரு சிம், பக்கத்தில் முழு அதிகாரத்தோடு குறைந்தது இருவர், அதில் ஒருவர் முதலாளி. வெப்சைட் இருந்தால் அதன் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின் நம்பரைப் போட்டு நோட்டின் பின்னட்டைக்குள் எழுதி வையுங்கள் என்று சொன்னால் பாதுகாப்பு படித்தவர்கள் திட்டுவார்கள். அப்படியானால் பீரோவில் வையுங்கள். எங்கே என்பது இருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இனி பாக்கெட் போடும் மேசைக்கு வருவோம். சிப்ஸில் பெரும்பாலான புகார் ‘நமுத்துப்போச்சு’ என்பதுதான். வறுத்த சிப்ஸ் முழுக்க ஆறும் முன் கவரில் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி கவரின் உட்புறம் படியும், அதை சிப்ஸ் குடிக்கும். ஆறட்டும் என்று ஆனி, ஆடி மாதக் காற்றில் இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் அதே கதிதான், காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். ஆறியதும் உடனே கவர், உடனே சீல். சீல் போடும்போது கவரின் வாயில் எண்ணெயோ சிப்ஸ் தூளோ ஒட்டியிருந்தால் சூடு பட்டாலும் பிளாஸ்டிக் ஒட்டாது. பார்க்க ஒட்டியதுபோல இருக்கும், மயிரிழை வழியாகக் காற்று போகும். சோதிக்க எளிய வழி: ஒவ்வொரு கட்டிலும் ஒரு பாக்கெட்டை எடுத்துத் தண்ணீர் வாளியில் அழுத்திப் பிடியுங்கள். குமிழி வந்தால் அந்தக் கட்டு முழுவதையும் வாயைத் துடைத்து மறுபடி சீல் போட வேண்டும்.

அட்டைப்பெட்டியின் அளவு பலரின் லாபத்தைத் தின்றுவிடுகிறது. கூரியர்காரர் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்ப்பார். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். ஒரு கிலோ சிப்ஸை, கைக்குக் கிடைத்த 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டால் பெருக்குத் தொகை 15,000; அது 3 கிலோ. ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்று கிலோ கூலி. அதே சிப்ஸ் 28, 20, 15 பெட்டியில் அடங்கும். பெருக்கினால் 8,400, வகுத்தால் 1.68, அரைக் கிலோ படியில் ஏற்றினால் 2 கிலோ. ஆகவே முதலில் பாக்கெட்டின் வடிவத்தை முடிவு செய்து, அதற்கேற்ற இரண்டே இரண்டு அளவுப் பெட்டியை மொத்தமாக வாங்கி வைப்பதே நல்லது. கூரியருக்குக் கூரியர் வகுக்கும் எண் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டியில் அனுப்பி மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர்கள் ஒரு மாத கூரியர் பில்லை எடுத்துப் பாருங்கள். போதாததற்கு சிப்ஸில் சோப்பு வாசனையும் ஏறும்.

தேனுக்கு வேறு தொல்லை. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை இருக்கும். 500 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 700 கிராம் பிடிக்கும். ஒரு கடை அரை லிட்டர் என்று போட்டும் இன்னொரு கடை அரைக் கிலோ என்று போட்டும் விற்றால் வாங்குகிறவர் விலையை ஒப்பிட்டு யாரோ ஒருவரைத் திருடன் என்பார். கிராமில் மட்டும் எழுதுங்கள், படத்திலும் பட்டியலிலும் அதே எண் இருக்கட்டும். அடுத்த புகார் உறைவது. நம் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன், அது சீக்கிரம் உறையும் தன்மை கொண்டது. அடியில் வெள்ளையாகப் படிந்ததும் ‘சீனிப்பாகு கலந்திருக்கீங்க’ என்று போன் வரும். உறைவது இயற்கை, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும், அடுப்பில் நேரடியாக வைக்க வேண்டாம் என்று கையளவு சீட்டு ஒன்றை அச்சடித்து பாட்டிலோடு போட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். ஆனால் மூடியைத் திறக்கும்போது நுரைத்துப் பொங்கினால் அது வேறு. ஈரம் கூடிப் புளித்த தேன். உணவுப் பாதுகாப்பு விதியில் தேனின் ஈரப்பதத்துக்கு உச்சவரம்பு 20 சதவீதம். ஈரம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கையடக்கமானது, தேன் வாங்கி விற்பவர் ஒன்று வைத்திருப்பதே அழகு. கண்ணாடி பாட்டில் கடை அலமாரிக்கு நல்லது. கூரியருக்குப் பிளாஸ்டிக் பாட்டிலும் மூடிக்கு உள்ளே ஃபாயில் சீலும்.

கருப்பட்டியை ஓலைப் பெட்டியில் வைத்துப் படம் எடுங்கள், அனுப்பும்போது காற்றுப் புகாத கவரில் போட்டு அதை ஓலைப் பெட்டிக்குள் வையுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் வெறும் ஓலையில் போன கருப்பட்டி பசையாய்த்தான் போய்ச் சேரும். நம் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழத்தைக் கூரியரில் விற்பதை யோசிக்கவே வேண்டாம், ஒரு நாளில் கைக்குப் போய்ச் சேரும் தூரம் என்றால் தவிர.

லேபிளைப் பற்றிச் சுருக்கமாக. பெயரும் போன் நம்பரும் மட்டும் அச்சடித்த ஸ்டிக்கர் போதாது. தயாரிப்பவர் முகவரி, நிகர எடை, வரி உட்பட எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும், பேட்ச் எண், சேர்த்த பொருட்கள், சைவத்துக்கான பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் எல்லாம் வேண்டும். இணையத்தில் போடும் பட்டியலிலும் விலை, எடை, முகவரி இருக்க வேண்டும். ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்பது சாமர்த்தியம் என்று எவரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வீட்டில் பணம் வாங்கும் சி.ஓ.டி. பற்றி ஒரு கணக்கு. எண்கள் கடைக்குக் கடை மாறும், போடும் முறையை மட்டும் பாருங்கள். 100 பார்சல் போகிறது, 20 திரும்பி வருகிறது என்று வைப்போம். போன கூலி 60, திரும்பின கூலி 50, பெட்டியும் டேப்பும் 15, பத்து நாள் ஊர் சுற்றி நொறுங்கி வந்த அரைக் கிலோ சிப்ஸ் 150. ஆக, திரும்பும் ஒவ்வொன்றுக்கும் 275 ரூபாய் நஷ்டம். இருபதுக்கு 5,500. ஒழுங்காக விற்ற 80 பாக்கெட்டின் தலையில் அதைப் போட்டால் தலைக்குச் சுமார் 69 ரூபாய். அரைக் கிலோ சிப்ஸில் அவ்வளவு லாபம் யாருக்கு நிற்கும்? கூரியர் கூலியை மட்டும் முன்பணமாக வாங்கிக்கொண்டு மீதியை வீட்டில் வாங்கலாம். முன்பணம் கொடுத்தவர் கதவைத் திறப்பார். (இப்படித் திரும்புவதைக் கூரியர்காரர்கள் ஆர்.டி.ஓ. என்கிறார்கள். முதல் தடவை கேட்ட கடைக்காரர்கள் வண்டி லைசன்சுக்கு என்ன ஆச்சு என்று பதறுவதுண்டு.)

பொருளுக்குப் பெயர் வைப்பதில் நம் ஊர்ப் பேச்சே நமக்குக் குறுக்கே நிற்கிறது. நாம் அண்டிப்பருப்பு என்போம், சென்னைக்காரர் முந்திரிப்பருப்பு என்று தேடுவார். நமக்கு நல்லமிளகு, அவருக்கு வெறும் மிளகு. நமக்கு மரச்சீனி, அவருக்கு மரவள்ளி. நமக்குச் சக்கை, அவருக்குப் பலா. ஏத்தங்காயை நேந்திரங்காய் என்று போட்டால்தான் அவர் கண்ணில் படும். தலைப்பில் பொதுச்சொல்லை வையுங்கள், கீழே விவரத்தில் ஊர்ச்சொல்லையும் கட்டாயம் சேருங்கள். காரணம், வெளியூரில் குடியேறிய குமரிக்காரர் தேடும்போது அண்டிப்பருப்பு என்றே தேடுவார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் இது நம்ம ஊர்க் கடை என்று விலை பேசாமல் வாங்குகிறவரும் அவர்தான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்காக அந்த எழுத்துக்கூட்டலையும் ஒரு வரி போட்டு வைத்தால் நல்லது.

ஒரு ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குத் தரப்படும் புவிசார் குறியீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-லும், மார்த்தாண்டம் தேனுக்கும் கன்னியாகுமரி மட்டி வாழைக்கும் 2023-லும் அது கிடைத்தது. அதற்குப் பிறகு தேன் பாட்டில் வைத்திருக்கும் எவரும் ‘குறியீடு பெற்ற தேன்’ என்று விளம்பரம் போடுகிறார்கள். குறியீடு கிடைத்தது பொருளுக்கு. அதைத் தன் லேபிளில் போட விரும்புகிறவர் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். தேனீ வளர்ப்போர் தனித்தனியாக அலையாமல் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பத் தாள்களைத் தயார் செய்தால் எழுதும் வேலையும் அலைச்சலும் குறையும்.

விளம்பரத்துக்கு வருகிறோம். விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வரைபடத்தில், மார்த்தாண்டத்தில் குண்டூசி குத்தி 50 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் விழும். ஒரு பெரிய துண்டு கடலில் விழும். அது போகட்டும், அங்கே காசு செலவாகாது. வடமேற்கே திருவனந்தபுரம் நகரம் முழுக்க உள்ளே வந்துவிடும். தலைகள் அங்கேதான் அதிகம் என்பதால் விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு அங்கே கரையும். தமிழில் பேசும் ரீலை மலையாளம் படிக்கிறவர் பாதியில் தள்ளிவிட்டுப் போவார். அவர் வாங்க வந்தால் கூடத் தலைவலி தீராது, அடுத்த பத்தியில் சொல்கிறோம். வட்டத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயர்களைத் தனித்தனியாகச் சேருங்கள், வேண்டாத ஊரை விலக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. சிப்ஸ் கடைக்கு உள்ளூர் வட்டமே தேவையில்லை என்பது எங்கள் கட்சி. மார்த்தாண்டத்துக்காரர் கடைக்கே வந்து வாங்குவார். விளம்பரம் போக வேண்டியது சென்னை, கோவை, மதுரைக்கு.

நம் எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து கேரளத்துப் பாறசாலைக்கு ஆட்டோவில் போய்விடலாம். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஆனால் ஜி.எஸ்.டி.யின் கண்ணில் பாறசாலைதான் தூரம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு வேண்டாம். வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி அனுப்பினால் முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேண்டும். கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, அதைக் கணக்கரிடம் கேளுங்கள். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர் மாநிலம் தாண்டி விற்கவே முடியாது. பெரிய இணையச் சந்தைகளில் பதிவில்லாதவரும் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்திருக்கிறார்கள், அதற்கு ஜி.எஸ்.டி. தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். ஓணம் வரும்போது எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிப்ஸ் ஆர்டர் குவியும் மாவட்டம் இது. ஆவணியில் ஓடுவதற்குப் பதில் சித்திரையிலேயே கணக்கரைப் பார்த்துவிடுவது நல்லது.

விளம்பரத்தின் பலனை எத்தனை பேர் ‘விலை என்ன’ என்று கேட்டார்கள் என்பதை வைத்து அளக்கக் கூடாது. 1,000 ரூபாய் விளம்பரம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 180. அறுபது பேர் கேட்டு ஒன்பது பேர் வாங்கினால் ஒரு ஆர்டருக்கு 131 ரூபாய் ஆகியிருக்கிறது. அரைக் கிலோ பாக்கெட் அந்தச் செலவைத் தாங்காது. இரண்டு கிலோ கட்டாக விற்றால் ஒருவேளை தாங்கும். ஆர்டர் நோட்டில் ‘எப்படி வந்தார்’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் இந்தக் கணக்குக்கு வேறு மென்பொருள் வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு விளம்பரத்தைத் தொட்டவருக்கு மறுநாள் பத்து மணிக்குப் பதில் போனால் அவர் அதற்குள் வேறிடத்தில் வாங்கியிருப்பார். விலைப்பட்டியலையும் கூரியர் கூலியையும் தானியங்கிப் பதிலில் வைத்தால் பாதிப் பேர் காத்திருப்பார்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் செய்தி அனுப்ப, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஆனால் அது கடை நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போகும். ஆகவே பெட்டிக்குள் போடும் சீட்டில் ‘இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி தரும் பலனை ரீல்ஸ் தருவதில்லை. தினமும் காலை வணக்கப் படம் அனுப்பினால் சேமித்தவரும் பிளாக் செய்வார்.

கன்னியாகுமரி ஊருக்குள் கடை வைத்திருப்பவருக்கு இதில் பாதி பொருந்தாது. அவருக்கு வாடிக்கையாளர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவில் நடந்து வருகிறார். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு பார்க்க வருகிறவர் இன்னும் கூடியிருக்கிறார்கள், கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள் வேறு. அங்கே வேலை செய்வது கூகுள் பதிவுதான், அது இலவசம். கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், வாசல் படம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். சூரிய உதயம் பார்க்க வருகிறவர் விடியற்காலையில் தேடுகிறார், உங்கள் பதிவில் பத்து மணிக்குத் திறக்கும் என்று இருந்தால் கடை திறந்திருந்தும் மூடினதாகவே காட்டும். கடைப் பெயரோடு ‘சிறந்த சிப்ஸ் கன்னியாகுமரி’ என்று ஒட்டு வேலை செய்யாதீர்கள், பதிவையே முடக்கிவிடுவார்கள். காசு கொடுத்து ஐந்து நட்சத்திரம் வாங்குகிறவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. ஒரு நட்சத்திரம் போட்டவருக்கு அமைதியாகப் பதில் எழுதினாலே படிக்கிறவருக்குக் கடையைப் பற்றிப் புரியும். இணையத்தில் விற்பவர் புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், அதே ஆர்டர் எண்ணோடு.

உங்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. நவம்பர் 1 மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை. இந்த நாட்களில் இங்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வறுக்கிறவர் வர மாட்டார், கட்டுகிறவர் வர மாட்டார். சென்னையில் அது வேலை நாள். அங்கிருந்து ‘ஏன் இன்னும் அனுப்பல?’ என்று போன் வந்துகொண்டே இருக்கும், சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் குமரி மாவட்ட உள்ளூர் விடுமுறை நாட்களை வணிகப் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டியாகப் போட்டுத் தாருங்கள். அதைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிக்கொள்கிறோம். பேப்பரில் வந்தது என்றால் நம்புவார்கள்.

இப்படிக்கு,
மார்த்தாண்டம், தக்கலை வட்டார வாசகர்கள் சிலர்